சென்னையின் தூய காற்றுக்கு எதில் முதலில் கைவைப்பது: சாலைப் புழுதியிலா, பேருந்திலா, எண்ணூர்ப் புகைபோக்கியிலா?

சென்னையில் காற்று மாசு பற்றிய பேச்சு பெரும்பாலும் 'டெல்லி அளவுக்கு மோசமில்லை' என்ற ஆறுதலோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆறுதலில் உண்மை இல்லாமல் இல்லை. கடற்காற்றும் வடகிழக்குப் பருவமழையும் இந்நகருக்குச் செய்துவரும் உதவியை எந்த அரசுத் திட்டமும் இதுவரை செய்ததில்லை. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி, இந்தியா 2009இல் வகுத்த வரம்பான கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்குக் கீழேயே பெரும்பாலான ஆண்டுகளில் இருந்துவருகிறது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் திருத்தி அறிவித்த வரம்பு 5 மைக்ரோகிராம்தான். அதன்படி பார்த்தால் சென்னை பல மடங்கு மேலே நிற்கிறது. ஆகவே இங்கே நிலவுவது பள்ளிகளை மூடவேண்டிய நெருக்கடி அன்று. ஆண்டு முழுவதும் சன்னமாகத் தொடரும் பாதிப்பு. அந்த வகையில், பதறாமல் யோசித்து முடிவெடுக்க வாய்ப்புள்ள நகரம் இது.

முடிவெடுக்கவேண்டிய காலமும் இதுவே. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கீழ் வரும் 131 நகரங்களில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. 2024க்குள் துகள் மாசை 20 முதல் 30 விழுக்காடு குறைப்பது என்பதே முதலில் வைக்கப்பட்ட இலக்கு. பிறகு அது 2025-26க்குள் 40 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 15ஆவது நிதிக்குழு வழியாகப் பணம் வந்தது. அக்குழுவின் காலமும் அதே நிதியாண்டோடு முடிகிறது. அடுத்த சுற்றுப் பணம் எந்தப் பெயரில் வந்தாலும், அதைப் பழைய பட்டியலின்படியே செலவிடுவதா, பட்டியலையே மாற்றுவதா என்பதுதான் மாநகராட்சியின் முன்னும் மாநில அரசின் முன்னும் உள்ள கேள்வி.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இதுவரையிலான பல முடிவுகளை அளவுகோலே எடுத்துவிட்டிருக்கிறது. காற்றில் மிதக்கும் துகள்களை இரு வகையாக அளக்கிறார்கள்: 10 மைக்ரான் குறுக்களவு வரையிலானவை பி.எம். 10, அவற்றுள் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்தவையும் பி.எம். 2.5. அளப்பது எண்ணிக்கையை அன்று, எடையை. ஒரே அடர்த்தியுள்ள உருண்டைகளாக வைத்துக்கொண்டால், 10 மைக்ரான் துகள் ஒன்றின் எடை 2.5 மைக்ரான் துகள்கள் 64இன் எடைக்குச் சமம். சாலைப் புழுதியும் கட்டுமானத் தூசியும் பெரும்பாலும் பெரிய துகள்கள். அவற்றுள் பலவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்திவிடும். டீசல் கரியும், குப்பைப் புகையும், நிலக்கரிப் புகையிலிருந்து உருவாகும் சல்பேட்டும் நுண்துகள்கள். நுரையீரலின் அடி வரை சென்று இரத்தத்தில் கலந்து, இதயத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் பாதிப்பவை இவையே. தேசியத் திட்டமோ நகரங்களின் செயல்பாட்டைப் பெரும்பாலும் பி.எம். 10 குறைந்ததா என்று பார்த்தே மதிப்பிட்டுவந்திருக்கிறது. எடை மிகுந்த துகளைக் குறைத்தால் மதிப்பெண் கூடும் என்ற நிலையில் எந்த ஆணையரும் புழுதியைத்தான் முதலில் தேடுவார். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்திட்டத்தில் செலவான பணத்தில் 64 விழுக்காடு சாலைப் புழுதிக்கும், சுமார் 14.5 விழுக்காடு குப்பை போன்றவற்றை எரிப்பதைத் தடுப்பதற்கும், சுமார் 12.6 விழுக்காடு வாகனப் புகைக்கும் போயிருக்கிறது. தொழிற்சாலைகளுக்குச் சென்றது 0.61 விழுக்காடு.

ஆகவே இக்கட்டுரையில் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் எடைபோடுகிறேன்: நுண்துகளை எவ்வளவு குறைக்கும், யாருடைய மூச்சில் குறைக்கும், அதற்குத் தேவைப்படுவது பணமா அதிகாரமா. மூன்றாவது கேள்வியை மற்ற இரண்டையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

சாலைப் புழுதியை ஒதுக்கித் தள்ளிவிடவும் முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறு நகரங்களில் நடத்திய ஆய்வின் சென்னைப் பகுதியை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் செய்துகொடுத்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வின் கணக்கில், இந்நகரின் பி.எம். 10 உமிழ்வில் பெரும்பங்கு சாலைப் புழுதியினுடையது. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி தொடங்கிய பிறகு ஆற்காடு சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் போனவர்களுக்கு இதை ஆய்வு சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிரேக் தேய்வும் டயர்த் தூளும் இந்தப் புழுதியில் கலந்திருப்பதால் இதை வெறும் மண் என்று சொல்லிவிடவும் இயலாது.

ஆனால் புழுதியைக் குறைக்க மாநகராட்சி வாங்கும் இயந்திரத் துடைப்ப வண்டி என்ன செய்கிறது என்று கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். வண்டி இரவில் நடுத்தடுப்பை ஒட்டி மெதுவாக நகர்கிறது. சுழலும் தூரிகை மணலைக் கூட்டி உள்ளே இழுக்கிறது. அது போன தடம் சுத்தமாகவே இருக்கிறது. மறுபுறம், தார் முடிந்து நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்கு வெறும் மண் கிடக்கிறது. மின்வாரியமோ குடிநீர் வாரியமோ தோண்டி மூடிய பள்ளத்தின் சரளை அதற்கு மேல் குவிந்திருக்கிறது. வண்டிகள் நிறுத்தியிருப்பதால் துடைப்பம் அந்த ஓரத்துக்குப் போவதே இல்லை. காலையில் முதல் லாரி ஓரம் தட்டிப் போனதும் அந்த மண் மீண்டும் சாலைக்கு வந்துவிடும். கூட்டுவதற்கு ஆண்டுதோறும் செலவு செய்வதைவிட, மண் சாலைக்கு வரும் வழியை ஒருமுறை அடைப்பதே மலிவு: ஓரத்தைச் சுவர் வரை கல் பதித்து மூடுவது, வெட்டிய சாலையை வெட்டியவரே குறித்த நாளுக்குள் தார் போட்டு மூடவைப்பது, கட்டுமானத் தளத்திலிருந்து வெளியே வரும் லாரியின் சக்கரத்தைக் கழுவச் செய்வது. இவற்றில் முதலாவதற்குப் பணம் வேண்டும். மற்ற இரண்டுக்கும் அபராதம் விதிக்கும் துணிவு மட்டும் போதும். துடைப்ப வண்டி, தண்ணீர் தெளிப்பு லாரி, பனிமூட்டம்போல் நீரை வீசும் பீரங்கி ஆகியவை புகைப்படத்துக்கு நன்றாக அமைபவை. என் வரிசையில் அவற்றுக்குக் கடைசி இடமே. அவற்றுக்கும் கீழே, டெல்லி கனாட் பிளேசில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 20 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2021இல் நிறுவப்பட்டு, பின்னர் முடங்கிப்போன காற்று வடிகட்டும் கோபுரம் இருக்கிறது. திறந்த வானத்தை வடிகட்ட முயல்வதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

அடுத்தது வாகனம். இங்கே இரு வழிகள் போட்டியிடுகின்றன: தனி வாகனத்தின்மேல் கட்டணமோ தடையோ விதிப்பது, அல்லது பேருந்தைப் பெருக்குவது. முதல் வழியின் ஆதரவாளர்கள் லண்டனையும் ஸ்டாக்ஹோமையும் எடுத்துக்காட்டுவார்கள். லண்டன் 2003 பிப்ரவரியில் மையப் பகுதிக்குள் நுழையும் வண்டிக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் விதித்தது. 2019 ஏப்ரலில் பழைய, புகை மிகுந்த வண்டிகளுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்து, 2023 ஆகஸ்ட் மாதத்தில் அதை நகரம் முழுவதற்கும் விரித்தது. ஸ்டாக்ஹோம் 2006இல் சோதனையாகத் தொடங்கியபோது மையத்துக்குள் நுழையும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இவ்விரு கதைகளும் இங்கே சொல்லப்படும்போது ஒரு பகுதி விட்டுப்போகிறது: கட்டணம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இரு நகரங்களும் நூற்றுக்கணக்கில் கூடுதல் பேருந்துகளைச் சாலையில் இறக்கியிருந்தன. வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருபவருக்கு நிறுத்தத்தில் ஏறுவதற்கு ஏதாவது இருந்தது.

சென்னையில் அந்த 'ஏதாவது' பாதி அளவே இருக்கிறது. மத்திய அரசின் நகரப் போக்குவரத்து அளவுகோல் லட்சம் மக்களுக்கு 60 பேருந்துகள் வேண்டும் என்கிறது. ஒரு கோடியைத் தாண்டிய பெருநகரப் பகுதிக்கு 6,000 பேருந்துகளாவது வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். இந்த நிலையில் நெரிசல் கட்டணம் விதித்தால், அது வசதியுள்ளவருக்குக் காலியான சாலையையும், இருசக்கர வண்டியில் வேலைக்குப் போகும் விற்பனைப் பிரதிநிதிக்குக் கூடுதல் செலவையும் தரும். வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடவிடும், டெல்லி 2016இல் செய்துபார்த்த ஒற்றைப்படை இரட்டைப்படை முறை இன்னும் பொருந்தாது. அங்கே இருசக்கர வண்டிகளுக்கு விலக்கு அளித்தார்கள். இருசக்கர வண்டிகளே பெரும்பான்மையாக ஓடும் சென்னையில் அவற்றுக்கு விலக்கு அளித்தால் திட்டத்தில் மிஞ்சுவது சொற்பம். அளிக்காவிட்டால் நகரம் நின்றுபோகும். இப்போதைக்குக் கட்டணத்தின் பக்கத்தில் செய்யத்தக்கது வண்டி நிறுத்தக் கட்டணம் மட்டுமே. 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக மாற்றப்பட்ட தியாகராய நகர் பாண்டி பஜார் போன்ற இடங்களில் அதை நேர்மையாக வசூலித்து, அந்தப் பணம் பேருந்துக்கே போகும் என்று அறிவித்தால் எதிர்ப்பும் குறையும்.

பேருந்தைப் பெருக்குவது என்று சொன்னவுடன் மின்சாரப் பேருந்தா டீசல் பேருந்தா என்ற விவாதம் வந்துவிடுகிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் தொடங்கிவைக்கப்பட்டன. உலக வங்கி உதவியுடன், ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியார் இயக்குநருக்குப் பணம் தரும் ஒப்பந்தத்தில் மொத்தம் 625 பேருந்துகள் வரவேண்டும். இது நல்லதே, பழைய டீசல் பேருந்தின் கரும்புகைக்குப் பின்னால் ஒரு சிக்னல் நேரம் நின்றவர் யாரும் இதை மறுக்கமாட்டார். ஆனால் 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் கட்டாயமான பி.எஸ்.-6 தரத்தில் வரும் புதிய டீசல் பேருந்துக்குப் புகைவடிகட்டி உண்டு. அதன் எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். நுண்துகளைப் பொறுத்தவரை, புதிய டீசல் பேருந்துக்கும் மின்சாரப் பேருந்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிட, ஒரு பேருந்து இருப்பதற்கும் அது இல்லாமல் நாற்பது பேர் வண்டி வாங்குவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. எனவே ஒரே தொகைக்கு மின்சாரப் பேருந்து நூறும் பி.எஸ்.-6 பேருந்து அதைவிடக் கூடுதலாகவும் கிடைக்குமானால், எண்ணிக்கையின் பக்கமே சாய்வேன். மின்சாரப் பேருந்துகளை வட சென்னையின் நெருக்கமான தெருக்களில் ஓடும் தடங்களுக்கு முதலில் தரவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் காற்றோட்டத்தில் அவற்றால் கிடைக்கும் பயன் குறைவு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்படுவதைப் பலரும் நலத்திட்டமாக மட்டுமே பார்க்கிறார்கள். காற்றுக் கொள்கையாகவும் அதைப் பார்க்கலாம்: ஏறுவதற்கு ஆள் இருக்கிறார்கள் என்பதை அது நிரூபித்துவிட்டது, குறை பேருந்தின் எண்ணிக்கையில்தான்.

வாகனப் புகையில் பேருந்தையும் காரையும் பேசிவிட்டு விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: கண்டெய்னர் லாரி. சென்னைத் துறைமுகத்தின் வாயிலுக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும் டிரெய்லர்களில் எஞ்சின் அணைவதில்லை. வரிசை அரையடி நகரும்போதெல்லாம் கிளப்பிக்கொண்டே இருக்கவேண்டுமே. அந்தச் சாலையின் ஓரத்தில் வீடுகள் இருக்கின்றன. துறைமுக வாயிலில் முன்பதிவு நேர முறையைக் கட்டாயமாக்குவதும், பழைய டிரெய்லர்களுக்கு நாள் குறித்து ஓய்வு கொடுப்பதும், பெட்டிகளை ரயிலில் ஏற்றுவதற்குச் சலுகை தருவதும் நகரத்தின் மொத்த வாகன எண்ணிக்கையில் கடுகளவு பகுதியையே தொடும். ஆனால் புகையின் பங்கில் அது கடுகளவு அன்று.

இனி எண்ணூரும் மணலியும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாம் நிலை 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் நிலை 800 மெகாவாட். பக்கத்தில் மத்திய, மாநில நிறுவனங்கள் கூட்டாக நடத்தும் வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். நகரத்தின் வடக்கு விளிம்பில், ஒரு கழிமுகத்தைச் சுற்றி, நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி எரிக்கும் திறன் குவிந்திருக்கிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், உரம், பெட்ரோ வேதிப்பொருள் தொழிற்சாலைகளும் உள்ளன. 2023 டிசம்பரில் மட்டும் இப்பகுதி மக்கள் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவையும், அந்த மாதக் கடைசியில் அம்மோனியா வாயுக் கசிவையும் அடுத்தடுத்துச் சந்தித்தார்கள். அவை விபத்துகள், செய்தியில் வந்தன. அன்றாடம் புகைபோக்கி விடுவது செய்தியில் வருவதில்லை.

அனல்மின் நிலையப் புகையில் சாம்பலைப் பிடிக்க மின்நிலை வடிப்பான்கள் உண்டு. ஒடிசாச் சுரங்கங்களிலிருந்து கப்பலில் வரும் இந்த நிலக்கரியில் சாம்பல் மிகுதி என்பதால் அந்த வடிப்பான்களின் பராமரிப்பு முக்கியம். பிடிபடாமல் போவது கந்தக டைஆக்ஸைடு. அது காற்றில் பயணம் செய்யும்போதே அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. புகைபோக்கி 200 மீட்டருக்கு மேல் உயரமானது என்பதால், அதன் அடியில் இருப்பவரைவிடப் பல கிலோமீட்டர் தள்ளி இருப்பவரே இந்தத் துகளைச் சுவாசிப்பார். அக்டோபர் முதல் ஜனவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. எண்ணூரிலிருந்து பார்த்தால் தென்மேற்கில் இருப்பது சென்னை மாநகரம். 'அது எண்ணூர்க்காரர்கள் பிரச்சினை' என்று தென் சென்னையில் இருப்பவர் நினைப்பதற்கு வானிலை இடம் தரவில்லை.

இதற்குத் தீர்வு தெரியாத ஒன்றன்று. புகையைச் சுண்ணாம்புக் கல் கரைசலில் கழுவிக் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் கருவி உலகெங்கும் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. கிடைக்கும் ஜிப்சத்தைச் சிமென்ட் ஆலைக்கு விற்கலாம். செலவு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ அரைக் கோடியிலிருந்து ஒரு கோடிக்குச் சற்று மேல் வரை என்று வைத்துக்கொண்டால், வட சென்னைக்கும் வல்லூருக்கும் சேர்த்துச் சில ஆயிரம் கோடி ரூபாய். 2015 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் அறிவிக்கை இதற்கு இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு திரும்பத் திரும்ப நீட்டப்பட்டு, கடைசியாக 2025 ஜூலையில் நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்தக் கட்டாயமே நீக்கப்பட்டுவிட்டது. டெல்லித் தலைநகர் வட்டாரத்திலிருந்தோ பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்திலிருந்தோ 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை கெடு நிற்கிறது. விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டைஆக்ஸைடும் வரம்புக்குள் இருக்கிறது என்பது. இரண்டும் சரியான தகவல்களே. ஆனால் வாயுவாக அளந்தால் குறைவாகத் தெரிவது, அது துகளாக மாறி வேறு கணக்கில் போய்விட்டதாலும்தான். இந்த வாதத்தின் ஓட்டை அங்கேயே இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கழுவும் கருவி நிலையத்தின் மின்சாரத்தில் ஒன்று முதல் ஒன்றரை விழுக்காட்டை விழுங்கும். செலவு மின்கட்டணத்தில் வந்து சேரும். முப்பது ஆண்டு ஓடித் தேய்ந்த முதல் நிலை அலகுகளுக்கு அதைப் பொருத்துவது கிழவனுக்குக் கல்யாணம் செய்துவைப்பதைப் போன்றது. அந்த 630 மெகாவாட்டை மூடுவதற்கு நாள் குறித்துவிட்டு, புதியவற்றுக்கும் வல்லூருக்கும் மட்டும் கருவியைக் கேட்பதே அறிவுடைமை. பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டபோது சென்னை இருளில் மூழ்கிவிடவில்லை.

நிலக்கரியைக் கட்டுப்படுத்துவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு பெய்ஜிங் நல்ல சான்று. அங்கே 2013இல் ஆண்டுச் சராசரி நுண்துகள் 89.5 மைக்ரோகிராம், 2017இல் 58, 2021இல் 33. வாகனக் கட்டுப்பாடு உட்பட எத்தனையோ நடவடிக்கைகளை அந்நகரம் எடுத்தது. ஆனால் குறைவுக்குப் பெரிதும் உதவியது நிலக்கரிக் கொதிகலன்களை அகற்றியதும் மின் நிலையங்களின் புகையைக் கட்டுப்படுத்தியதுமே. ஒரு கட்சி ஆட்சி செய்யும் நாட்டில் நடந்ததை இங்கே எதிர்பார்க்க முடியாது என்பவர்களுக்குச் சூரத் இருக்கிறது. அங்கே 2019இல், முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளைச் சேர்த்து, மொத்தத் துகள் உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்து, அனுமதிச் சீட்டுகளை ஆலைகள் தமக்குள் வாங்கி விற்கும் சந்தை தொடங்கப்பட்டது. ஒவ்வொரு புகைபோக்கியிலும் தொடர்ந்து அளக்கும் கருவி. சீட்டுக்கு மேல் புகைவிட்டால் முன்வைப்புத் தொகையிலிருந்து தானாகப் பிடித்தம். சந்தையில் சேர்ந்த ஆலைகளின் உமிழ்வு 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது. இந்தச் சந்தை மணலிக்குப் பொருந்தாது. அங்கே ஆலைகள் சில, ஒவ்வொன்றும் வெவ்வேறு வகை. சிறு கொதிகலன்கள் நெருங்கியிருக்கும் திருப்பூருக்குத்தான் அது பொருத்தம். மணலி எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் வேறு: கருவி அளந்ததற்கு உடனே காசு கட்டவேண்டும் என்றால் புகை குறைகிறது.

இங்கே பெரிய ஆலைகளில் கருவி இல்லாமல் இல்லை. அவற்றின் அளவுகள் கிண்டியிலுள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நேரடியாக வருகின்றன. ஆனால் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் வழக்குச் சாட்சியமாக எதிர்பார்ப்பது, அதிகாரி அறிவிப்புக் கொடுத்து நேரில் சென்று எடுக்கும் மாதிரியை. அறிவிப்போடு வரும் விருந்தாளிக்கு வீடு சுத்தமாகத்தான் இருக்கும். 2023இல் நிறைவேறி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், சிறைத் தண்டனைகள் பலவற்றை எடுத்துவிட்டு, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அனல்மின் நிலையத்துக்குப் பதினைந்து லட்சம் ஒரு பொருட்டே அன்று என்றாலும், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அதிகாரி விதிக்கலாம் என்பதால், மாதம் தவறாமல் விதித்தால் அதற்கும் ஒரு கனம் உண்டு. இதில் உள்ள சங்கடம் சட்டத்தில் இல்லை. மின் நிலையம் மாநில அரசுடையது. அதைத் தண்டிக்கவேண்டிய வாரியமும் மாநில அரசுடையது.

அளவெடுப்பிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. கத்திவாக்கத்தில் நகராட்சிக் கல்யாண மண்டபத்தின்மேல் இருந்து பல ஆண்டுகளாக மாதிரி எடுத்துவந்த நிலையம் பழைய வகை: பம்பு காற்றை இழுக்கும், துகள் வடிதாளில் படியும், தாளைக் கழற்றி ஆய்வகத்தில் எடை பார்ப்பார்கள். இப்படி வாரத்துக்கு இரு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளப்பதே தேசிய விதி. மற்ற 261 நாள்களில் இரவு இரண்டு மணிக்கு என்ன நடந்தது என்பதை அந்தத் தாள் சொல்லாது. ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் மணிக்கு மணி எண்களைத் தரும் வகை நிலையங்கள் இருப்பதுபோல், கழிமுகத்தைச் சுற்றிய குடியிருப்புகளில் நெருக்கமாக வேண்டும். இந்தச் செலவு துடைப்ப வண்டிச் செலவோடு ஒப்பிட்டால் பெரிதன்று.

குப்பை எரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் குறைவு. தெருமுனையில் எரியும் சருகும் பிளாஸ்டிக்கும் விடும் புகையின் எடை நகரக் கணக்கில் சிறிது. ஆனால் அது மூக்கின் உயரத்திலேயே வெளியாவதால், ஒரு கிலோ புகைக்கு உள்ளே போகும் பங்கு உயரமான புகைபோக்கியைவிட மிக அதிகம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமானப் போக்குவரத்தையே நிலைகுலையச் செய்ததும், 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்ததும் நினைவிருக்கும். அன்றாடம் சருகை அள்ளிச் செல்ல வண்டி வந்தால் துப்புரவுப் பணியாளர் அதைக் கொளுத்தப்போவதில்லை. வழக்குப் போடுவதைவிட வண்டி அனுப்புவது பலன் தரும். கொடுங்கையூரில் திட்டமிடப்படும் குப்பை எரியுலையை நான் ஆதரிக்கவில்லை. அந்த உலை நன்றாக இயங்க உலர்ந்த, தரம் பிரித்த குப்பை வேண்டும். அப்படிப் பிரித்துவிட்டால் எரிப்பதற்குப் பெரிதாக மிஞ்சாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே மணலியின் புகையை வாங்கும் பகுதிக்கு இன்னொரு புகைபோக்கியைத் தருவதற்கு நியாயம் சொல்வது கடினம்.

இவ்வளவையும் எடைபோட்டால் ஒரு முரண் தெரிகிறது. நுண்துகளை அதிகம் குறைக்கும் வழியான புகைபோக்கிக் கட்டுப்பாடு, தூய காற்று நிதியிலிருந்து கிட்டத்தட்ட எதையும் கேட்கவில்லை. அதன் செலவு மின்கட்டணத்திலும் ஆலை இலாபத்திலும் விழுகிறது. அது கேட்பது அதிகாரத்தை. நிதியோ மாநகராட்சியின் கையில் வருகிறது. மாநகராட்சிக்கு அனல்மின் நிலையத்தின் வாயிலைத் தாண்டும் அதிகாரமில்லை. கையில் பணம் இருந்தும் அதிகாரம் இல்லாதவர் கடையில் கிடைக்கும் துடைப்ப வண்டியைத்தான் வாங்குவார். அதிகாரிகளின் அக்கறைக் குறைவைவிட, பணமும் பொறுப்பும் வெவ்வேறு மேசைகளில் கிடப்பதே அந்த 64 விழுக்காட்டுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே 'எது சிறந்தது' என்று ஒரே பட்டியலாக வரிசைப்படுத்துவதைவிட, முடிவை இரண்டாகப் பிரிப்பதே பொருத்தம். பணத்தை முதலில் பேருந்துக்கும், அடுத்துக் குப்பை அள்ளும் வண்டிக்கும், அதன்பின் சாலையோரத்தை மூடுவதற்கும் தரலாம். புதிய துடைப்ப வண்டிக்குத் தரவேண்டாம். பேருந்து மாநகராட்சியின் துறையில் வராது என்ற ஆட்சேபம் எழும்; போக்குவரத்துக் கழகத்துக்கு நிதியை மாற்றித்தர ஓர் அரசாணை போதும். அதிகாரத்தைப் பொறுத்தவரை வரிசை வேறு. 2027 டிசம்பர்க் கெடுவை இன்னொரு முறை நீட்டக் கோரமாட்டோம் என்று மாநில மின் உற்பத்திக் கழகமே முன்வந்து அறிவிக்கச் செய்வதும், முதல் நிலை அலகுகளுக்கு மூடும் ஆண்டைக் குறிப்பதும், மணலி ஆலைகளின் புகைபோக்கிக் கருவி காட்டும் எண்ணை அபராதத்துக்கு அடிப்படையாக்குவதும் முதலில் வரவேண்டியவை. துறைமுக லாரிகள் அடுத்து. நெரிசல் கட்டணத்தைப் பேருந்து எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தொடும் ஆண்டில் மீண்டும் எடுத்துப் பேசலாம்.

அடுத்த சுற்று நிதிக்கான நிபந்தனைகளை டெல்லியில் எழுதும்போது, நகரங்களின் மதிப்பெண்ணை பி.எம். 10க்குப் பதிலாக பி.எம். 2.5ஐக் கொண்டு கணக்கிடவேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி தமிழ்நாடு கேட்கலாம். நகர எல்லைக்கு வெளியே 10 கிலோமீட்டர் வரையுள்ள புகைபோக்கிகளைக் கட்டுப்படுத்தியதற்கும் மாநிலத்துக்கு மதிப்பெண் உண்டு என்பது இரண்டாவது வரியாக இருக்கவேண்டும்.